மறியல்ல (ஜெயில்ல) இருக்கவங்களையும் குடிய விட்டு வர்றவங்களையும் பாக்க சேர்ச்ல ஒரு குழு தொடங்கணும், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பொகவந்தலாவ தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன். எங்க சேர்ச் சின்னது, கொழுந்தெடுக்கிற குடும்பங்களும் கொழும்புல கடைகள்ல வேல செஞ்சிட்டு கிறிஸ்மஸுக்கு வர்ற பொடியன்களும்தான் அதிகம். நான் வாலிபர் கூட்டத்த பாத்துக்கிறேன். கொஞ்ச நாளா எங்க ஆளுகளுக்கு மனசுல ஒரு பாரம், அத எங்கருந்து தொடங்குறதுன்னு தெரியாமதான் இங்க வந்து கேக்குறேன்.

எங்க டிவிஷன்ல லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) ஒரு வீட்டுலயாவது ஆள் மறியல்ல இருக்காரு, இல்லாட்டி இப்பதான் வந்திருக்காரு. முந்தியெல்லாம் கசிப்பு (கள்ளச்சாராயம்) கேஸ்தான் பெரிசு, பொலிஸ் புடிக்கும் கோட்ஸ்ல தண்டம் அடிப்பாங்க, கட்ட வழியில்லாதவன் உள்ள போயிட்டு வருவான். இப்ப அப்புடி இல்ல. கொழும்புக்கு போன பொடியன் குடு (ஹெரோயின்), ஐஸ் (மெத்)னு பழகிட்டு வர்றான், தோட்டத்துக்குள்ளயே கைமாறுது. 2023 டிசம்பர்ல போதைப்பொருளுக்கு எதிரா பொலிஸ் யுக்திய நடவடிக்கை தொடங்குன நேரம் புடிபட்டதுல எங்க பக்கத்து ஆளுகளும் இருந்தாங்க. ஐஸ் 5 கிராமுக்கு மேலன்னா மரண தண்டனை இல்லாட்டி ஆயுள்னு 2022லயே சட்டத்த மாத்திட்டாங்க, இலங்கையில 1976க்கு அப்புறம் யாரையும் தூக்குல போடலன்னாலும் அந்தப் பேச்ச கேட்டுட்டு ஒரு தாய் எப்புடி தூங்குவா. என்னோட பெரியப்பா மகன் ஒருத்தர் பல்லேகல தும்பற சிறைச்சாலையில இருக்காரு, வருஷக் கடைசிக்குள்ள வெளிய வந்துருவாருன்னு சொல்றாங்க.

எங்களுக்கு ரெண்டு விஷயம் செய்ய ஆசை. ஒண்ணு, மாசத்துக்கு ஒருக்காவாவது மறியலுக்கு போயி நம்ம ஆளுகள பாத்து ஜெபம் பண்ணிட்டு வர்றது. மத்தது, தோட்டத்துலயே குடிய விடணும்னு நெனைக்கிறவங்களுக்கு கிழமைக்கு ஒரு கூட்டம். ஆனா கமிட்டியில ரெண்டு விதமா பேசுறாங்க. ஒரு பெரியவர் சொல்றாரு, கை வச்சு ஜெபிச்சா போதும், ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் விசுவாசக் கொறச்சல்னு. இன்னொருத்தர் சொல்றாரு, மறியக்காரன எல்லாம் சேர்ச்சுக்குள்ள கூட்டிட்டு வந்தா நம்ம பொம்பளப் புள்ளைகள யாரு அனுப்புவாங்கன்னு. ரெண்டு பேருமே நல்ல மனுசங்க, எனக்கு பதில் சொல்லத் தெரியல.

மறியலுக்கு போக யாருகிட்ட அனுமதி கேக்கணும், உள்ள போயி என்ன பேசுறது என்ன பேசக்கூடாது, அண்ணன் வெளிய வந்த பொறகு நாங்க என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க விரிவா சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

ஊவா டீச்சர்:

தம்பி, ஒங்க கேள்விய வாசிச்சதும் சந்தோஷமா இருந்திச்சு. நான் ஓய்வு பெற்ற டீச்சர், பதுளைப் பக்கம், மெதடிஸ்ட் சபை. எங்க குழு மறியலுக்கு போயிட்டு வர ஆரம்பிச்சு நீண்ட காலமாச்சு, அந்த அனுபவத்துல சொல்றேன்.

அனுமதி விஷயம் முதல்ல. நேரா கேட்டுக்கு போயி நாங்க ஜெபம் பண்ண வந்திருக்கோம்னா விட மாட்டாங்க. சபையோட கடிதத் தலைப்புல போதகர் கையெழுத்தோட சிறைச்சாலை அத்தியட்சகருக்கு ஒரு கடிதம், யார் யார் வர்றாங்க, அடையாள அட்டை நம்பர், எந்த நாள், என்ன நேரம், எல்லாம் அதுல இருக்கணும். சில நேரம் கொழும்பு தலைமையகத்துக்கும் எழுத சொல்லுவாங்க, அதுக்கு சலிச்சிறக் கூடாது. கடிதம் சிங்களத்துல இருந்தா வேல சீக்கிரம் நடக்கும், இது கசப்பான உண்மை, ஆனா சொல்லித்தான் ஆகணும். அங்க நலன்புரி உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருப்பாரு, அவருதான் ஒங்களுக்கு வாசல். அவருகிட்ட மரியாதையா, சொன்ன நேரத்துக்கு, சொன்ன ஆளுகளோட மட்டும் போனீங்கன்னா அடுத்த தடவ அவரே வழி செஞ்சு குடுப்பாரு. போன், காசு, பத்திரிகை எதுவும் கொண்டு போகாதீங்க, யாராச்சும் கைதி காதுக்குள்ள இந்த நம்பருக்கு ஒரு கோல் எடுத்து சொல்லுங்கன்னு கேட்டா நீங்களா எடுக்காதீங்க, உத்தியோகத்தருகிட்ட சொல்லுங்கன்னு சொல்லிருங்க. பாவமாத்தான் இருக்கும். ஆனா அந்த ஒரு கோலால மொத்தக் குழுவோட அனுமதியும் போயிரும், வெளிய ஒரு சாட்சிய மெரட்டுறதுக்கான கோலாகூட அது இருக்கலாம்.

ஒங்க அண்ணன் இருக்கிற இடத்தப் பத்தி ஒரு விஷயம். கண்டி டவுனுக்குள்ள இருந்த போகம்பர மறியல் 1876ல கட்டுனது, அத மூடிட்டு ஆளுகள பல்லேகலைக்கு மாத்துனாங்க. பழைய ஆளுக இன்னும் போகம்பரன்னுதான் சொல்லுவாங்க, அத நம்பி கண்டி டவுன்ல எறங்கி வாவிய சுத்தித் தேடுற தாய்மாரு இருக்காங்க, அதனால போற குடும்பங்களுக்கு எடத்த தெளிவா சொல்லிக் குடுங்க. இதுகூட ஊழியந்தான். ஹட்டன்லருந்து விடியக்காலை பஸ் எடுத்து ரெண்டு பஸ் மாறிப் போயி, அடையாள அட்டை கொண்டு வரலன்னு திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பாட்டிய எனக்குத் தெரியும். ஒரு நாள் சம்பளமும் போச்சு பஸ் காசும் போச்சு. அப்புடி ஒரு பாட்டி கூட ஒங்க வாலிபர் ஒருத்தர் துணைக்குப் போனா, உள்ள இருக்கிற பேரனுக்கு அதவிட பெரிய பிரசங்கம் வேணாம்.

உள்ள போனா என்ன பேசுறதுன்னு கேட்டீங்க. என்ன கேஸ்னு கேக்கவே கேக்காதீங்க. ரிமாண்ட்ல இருக்கவங்க இன்னும் குற்றவாளி இல்ல, வழக்கு முடியல, நீங்க கேட்டு அவங்க சொல்லி அது வேற காதுல விழுந்தா அவங்களுக்குத்தான் கெடுதல். நாங்க போறப்ப சீமெந்துத் தரையில வரிசையா ஒக்காந்திருப்பாங்க, தண்டனை பெற்றவங்க வெள்ளை உடுப்புல. இசைக்கருவி ஒண்ணும் கிடையாது, கையத் தட்டித்தான் பாட்டு. முதல் பாட்டுக்கு பாதிப் பேரு வாயத் தொறக்க மாட்டாங்க, மூணாவது பாட்டுல பின் வரிசையில ஒரு ஆள் கண்ண மூடிட்டு சத்தமா பாடுவாரு, பாத்தா சின்ன வயசுல சண்டே ஸ்கூல் போன ஆளா இருப்பாரு. பாட்டு வரிய பெரிய எழுத்துல எழுதிக் கொண்டு போங்க, கண்ணாடி இல்லாதவங்க நிறைய. பிரசங்கம் பத்து நிமிசத்துக்கு மேல வேணாம். நீங்க எல்லாம் பாவிகள்னு தொடங்காதீங்க, அத அவங்களுக்கு பொலிஸும் கோட்ஸும் ஊரும் ஏற்கனவே சொல்லியாச்சு. பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில நடு ராத்திரி பாடுனத வாசிங்க, ஒநேசிமுவுக்காக பவுல் எழுதுன கடிதத்த வாசிங்க, ஒரு பக்கந்தான் அது, மறியல்லருந்து எழுதுனது, அவங்களுக்கு நல்லா வெளங்கும்.

வர்றேன்னு சொன்ன நாள்ல கட்டாயம் போங்க. மழை, மண்சரிவு, ரோட்டு மூடிட்டாங்கன்னா நலன்புரி உத்தியோகத்தருக்கு கோல் எடுத்து சொல்லுங்க. மாசம் ஒருக்கா போக முடியாட்டி ரெண்டு மாசத்துக்கு ஒருக்கான்னே சொல்லுங்க.

மறியக்காரங்கள சேர்ச்சுக்குள்ள கூட்டிட்டு வர பயப்படுறவருக்கு ஒண்ணு சொல்லுங்க. ஜோன் வெஸ்லியும் அவரோட நண்பர்களும் 1730ல ஒக்ஸ்போர்ட் கோட்டைச் சிறையில இருந்தவங்கள பாக்கப் போனாங்க, மெதடிஸ்ட்ங்கிற பேரு ஊருக்குப் பரவுறதுக்கு முந்தியே அவங்க செஞ்ச வேல அது. 1814ல காலியில வந்து எறங்குன மெதடிஸ்ட் மிஷனரிமாரும் அந்த வழியில வந்தவங்கதான். "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்"னு மத்தேயு 25ல ஆண்டவர் சொல்றாரு, எந்தக் குற்றத்துக்காக காவல்ல இருந்தவன்னு அங்க பிரிச்சு சொல்லல.

இன்னொண்ணு மனசார கேட்டுக்கிறேன். நம்ம மலையகத்துல பெரும்பாலானவங்க இந்துக்கள், மறியல்ல பௌத்தர்கள்தான் அதிகம். சவர்க்காரமும் டூத்பேஸ்ட்டும் குடுக்குறப்போ யாரு கிறிஸ்தவன்னு பாத்து குடுக்காதீங்க. மதம் மாறுனா வக்கீல் புடிச்சுத் தர்றோம்ங்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட வாயில வரக்கூடாது. அப்புடி சில குழுக்கள் செஞ்சதால மத்த எல்லாருக்கும் கதவு சாத்துன கதை உண்டு.

ஹட்டன் நர்ஸ்:

டீச்சர் மறியல் பக்கம் எல்லாம் சொல்லிட்டாங்க. நான் அந்த கை வச்சு ஜெபிச்சா போதும்ங்கிற பேச்சுக்கு மட்டும் பதில் எழுதுறேன், ஏன்னா இதுல உயிர் போகும். நானும் ஜெபிக்கிறவதான், டியூட்டிக்குப் போக முந்தி ஜெபிக்காம போறதில்ல.

தினமும் நிறைய குடிச்ச ஒரு ஆள் திடீர்னு ஒரே நாள்ல நிப்பாட்டுனா ஒடம்பு தாங்காது. முதல் நாளே கை நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கம் கெட்டுரும். முதல் ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது மூணாவது நாள்ல ஆள் தடுமாறி, இல்லாத பூச்சிய சுவத்துல காட்டுவாரு, இல்லாத ஆளோட பேசுவாரு, காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். இத நம்ம ஆளுக பேய்னு நெனச்சு தாயத்து கட்டுவாங்க, சில சபையில பிசாசு ஓடுதுன்னு கட்டிப் போட்டு ஜெபிப்பாங்க. அது பேயும் இல்ல பிசாசும் இல்ல, மூளை இத்தன வருஷம் சாராயத்துக்கு ஈடு குடுத்து ஓடி, இப்ப சாராயம் இல்லாம அடங்க முடியாம துடிக்குது. ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்தா மருந்து குடுத்து மெதுவா இறக்கலாம், விட்டமின் பி1 ஊசி போடணும், அது இல்லாம போனா ஞாபக சக்தி நிரந்தரமா போறவங்களும் இருக்காங்க. டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா, பதுளை, எங்க பக்கமோ அங்க கொண்டு வாங்க, எவ்வளவு குடிப்பாரு, கடைசியா எப்ப குடிச்சாருன்னு ஒளிக்காம சொல்லுங்க. பொலிஸுக்கு சொல்லிருவாங்களோன்னு பயந்து வயித்து வலின்னு சொல்லி சேர்த்துட்டு ரெண்டாம் நாள் வார்ட்ல வலிப்பு வர்றவங்கள நாங்க பாக்குறோம்.

அதனால ஒங்க கூட்டத்துக்கு முதல் முதலா வர்ற ஆளுகிட்ட இண்ணைக்கே பாட்டில ஒடைன்னு சத்தியம் வாங்காதீங்க. முதல்ல டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, சத்தியம் அப்புறம்.

குடு வேற மாதிரி. விட்டா ஒடம்பு முறிஞ்ச மாதிரி வலி, மூக்கு ஒழுகல், வயித்தால போறது, கொட்டாவி, ஒரு கிழமை நரகம், ஆனா பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து கொறவு. ஆபத்து பொறகுதான் வருது. மறியல்ல கொஞ்ச காலம் எடுக்காம இருந்த ஆளுக்கு ஒடம்பு தாங்குற அளவு கொறஞ்சிருக்கும், வெளிய வந்து பழைய அளவ எடுத்தா மூச்சு நின்னுரும். வெளிய வந்த முதல் ரெண்டு கிழமைதான் பயங்கரம். ஒங்க அண்ணனுக்கு இந்தப் பழக்கம் இருந்திச்சின்னா இத அவருகிட்டயும் வீட்டுலயும் நேரா சொல்லிருங்க, சொன்னா ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிரும்னு நெனச்சு மறைக்காதீங்க. ஐஸ் விட்டவங்க நாள்கணக்கா தூங்குவாங்க, அப்புறம் மனசு ஒடிஞ்சு போவாங்க, சாகணும்ங்கிற பேச்சு வந்தா சும்மா பேச்சுன்னு விடாதீங்க, 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், அது மனநல உதவிக்கு. போதைப்பொருளுக்கு தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையோட 1927. அந்தச் சபையோட சிகிச்சை நிலையம் ஒண்ணு கண்டிப் பக்கம் பேராதெனியிலயும் இருக்கு, நமக்கு கிட்ட அதுதான்.

தலவாக்கலை அண்ணன்:

தம்பி, நான் ரெண்டு பக்கத்துலயும் இருந்தவன். குடி, பொறகு மறியல், இப்ப ஆண்டவர் கிருபையால ரெண்டும் இல்லாம வாழுறேன். என் பேரு வேணாம்.

ஒங்க கேள்வியில கடைசியா கேட்டீங்க பாருங்க, அண்ணன் வெளிய வந்த பொறகு என்ன செய்யணும்னு, அதத்தான் முதல்ல கேட்டிருக்கணும். மறியலுக்குள்ள கிறிஸ்தவனா இருக்கிறது லேசு. நேரத்துக்கு எழுப்புவாங்க, நேரத்துக்கு சாப்பாடு, சாராயம் கண்ணுல படாது, வேதப்புத்தகம் கையில இருக்கும், நாலு சகோதரங்க சேர்ந்து ஜெபிப்போம். வெளிய வர்ற அண்ணைக்கு காலையில கேட்டு தொறக்கும், கையில ஒரு சொப்பிங் பேக், அதுக்குள்ள உள்ள போறப்ப போட்டிருந்த உடுப்பு, இப்ப அது தொளதொளன்னு இருக்கும். ரோட்டுக்கு வந்தா ஒருத்தரும் இல்லன்னா அந்த மனுசன் எங்க போவான்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பார் இருக்கும். இல்லாட்டி பழைய கூட்டாளி த்ரீவீலோட வந்து நிப்பான், அவன் மட்டும் நாள மறக்கவே மாட்டான்.

அதனால ஒங்க குழுவுல ரெண்டு பேரு அண்ணைக்கு விடியக்காலையிலயே அங்க நில்லுங்க. சாப்பாடு வாங்கிக் குடுங்க, அவரோடயே பஸ்ல வாங்க, வீடு வரைக்கும் போங்க. பஸ்ல பிரசங்கம் பண்ணாதீங்க. அவரு ஜன்னல் பக்கம் ஒக்காந்து வெளியப் பாத்துட்டு வரட்டும்.

அடுத்தது சம்பள நாள். தோட்டத்துல குடிய விட்டவன் விழுறது பெரும்பாலும் அண்ணைக்கு சாயந்தரந்தான். கையில காசு, ஒடம்புல அசதி, தவறணைக்கு (குடிக்கிற கடைக்கு) முன்னாடிதான் வழி, கூப்புட ஆளு இருக்கு. எங்க கூட்டத்த நாங்க வச்சது அந்த சாயந்தரத்துலதான், வேற கிழமையில வேற நாள்லயும் நடக்கும், ஆனா சம்பள நாள் கூட்டம் ஒரு மாசமும் தவறாது. பிளேன்டீ, கடல அவிச்சது, பாட்டு, அப்புறம் வட்டமா ஒக்காந்து ஒவ்வொருத்தரா அந்த கிழமை எப்புடிப் போச்சுன்னு பேசுறது. இடையில யாரும் புத்தி சொல்லக் கூடாது, பேசுனது அந்த ரூமத் தாண்டிப் போகக் கூடாது. சில பேரு சம்பளத்த நேரா பொஞ்சாதி கையில குடுத்துட்டு கூட்டத்துக்கு வருவாங்க. காளியம்மன் கோயில் தலைவரோட தம்பியும் வர்றாரு, அவரு பாட்டு நேரம் சும்மா ஒக்காந்திருப்பாரு, பேசுற நேரம் எல்லாரையும்விட உண்மையா பேசுவாரு.

இந்த வட்டமா ஒக்காந்து பேசுற முறை ஏஏன்னு (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) சொல்ற, குடிய விடுறவங்களோட குழுக்கள்லருந்து நாங்க படிச்சது. 1935ல அமெரிக்காவுல அக்ரன்ங்கிற ஊர்ல பில்ங்கிற ஒரு யாவாரியும் பொப்ங்கிற ஒரு டொக்டரும் தொடங்குனது, ரெண்டு பேருமே குடிகாரங்க. இன்னொரு குடிகாரனோட பேசுனாத்தான் குடிக்காம இருக்க முடியுதுன்னு பில் கண்டுபுடிச்சாரு. அந்த நேரம் இருந்த ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்துலருந்துதான் அவங்க பல விஷயத்த எடுத்தாங்க, பாவத்த இன்னொரு மனுசன்கிட்ட அறிக்கை செய்யிறது, தீங்கு செஞ்சவங்ககிட்ட போயி சரி செய்யிறது, எல்லாம் அதுல இருக்கு. தமிழ்நாட்டுல தமிழ் பேசுற குழுக்கள் இருக்கு, எங்க ஆள் ஒருத்தர் அவங்களோட ஒன்லைன் கூட்டத்துலயும் கலந்துக்கிறாரு.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன். வெளிய வந்த ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே அவர மேடையில ஏத்தி சாட்சி சொல்லச் சொல்லாதீங்க. எல்லாரும் கை தட்டுவாங்க, அழுவாங்க, பேஸ்புக்ல வீடியோ போடுவாங்க. அடுத்த மாசம் அவரு ஒருக்கா விழுந்தாருன்னா அந்த வீடியோவ நெனச்சே சேர்ச் பக்கம் தலை காட்ட மாட்டாரு. அப்புடிப் போன ஒரு சகோதரன நான் அடக்கம் பண்ற எடத்துலதான் திரும்பப் பாத்தேன். சாட்சி ஒரு வருஷம் கழிச்சும் சொல்லலாம். அதுக்குள்ள கதிரை அடுக்குற வேலைய, கேத்தல்ல தண்ணி கொதிக்க வைக்கிற வேலைய குடுங்க. நம்மள நம்பி ஒரு வேலய குடுத்திருக்காங்கங்கிறது மேடையவிட பெரிசு.

விழுந்தாலும் வெரட்டாதீங்க. குடிச்சிட்டு கூட்டத்துக்கு வந்தா ஒக்கார விடுங்க, அண்ணைக்கு பேச மட்டும் விடாதீங்க.

லிந்துல அக்கா:

எல்லாரும் ஆம்பளைங்களப் பத்தியே எழுதுறீங்க, கோவிச்சுக்காதீங்க, நான் அந்த வீட்டுல இருக்கிறவங்களப் பத்தி கொஞ்சம் எழுதணும்.

என் வீட்டுக்காரர் உள்ள இருந்த காலத்துல எங்க வீட்டுக்கு சேர்ச்லருந்து வந்தவங்க எல்லாம் அவருக்காக ஜெபிச்சாங்க. நான் விடிய எழும்பி புள்ளைகளுக்கு ரொட்டி தட்டி வச்சிட்டு மலைக்குப் போயி, கொழுந்து கிலோ கொறஞ்சா கணக்கப்புள்ளகிட்ட பேச்சு வாங்கி, அந்தி வந்து கோட்ஸ் தவணைக்கு வக்கீலுக்கு காசு தேடி ஓடுனேன். எனக்காக யாரும் ஒரு வார்த்த கேக்கல. மகள ஸ்கூல்ல மறியக்காரன் மகள்னு கூப்புட்டாங்க, அவ பாத்ரூமுக்குள்ள போயி அழுதுட்டு வருவா, வீட்டுல சொல்ல மாட்டா. ஒரு சிஸ்டர் மட்டும், கத்தோலிக்க சபை அவங்க, நாங்க அவங்க சபைகூட இல்ல, மாசா மாசம் வந்து மகளுக்கு கொப்பி வாங்கிக் குடுத்து அவ அப்பாவுக்கு கடிதம் எழுத வச்சாங்க. படம் வரைஞ்சு அனுப்புவா, தேயிலச் செடி, நாய், நாங்க மூணு பேரு. அவரு அந்தப் படத்த எல்லாம் மடிச்சு வச்சு வெளிய வர்றப்போ கொண்டு வந்தாரு.

அதனால தம்பி, ஒங்க குழுவுல பொம்பளைங்களும் இருக்கணும். மறியலுக்கு போக முந்தி லயத்துக்குப் போங்க. அவரு வெளிய வர்ற முந்தி பொஞ்சாதிகிட்ட தனியா கேளுங்க, ஒனக்கு பயமா இருக்கான்னு. குடிச்சிட்டு அடிச்ச மனுசன் மனந்திரும்பி வர்றாருன்னு எல்லாரும் சந்தோஷப்படுறப்போ அவளுக்கு மட்டும் ஒடம்பு நடுங்கிட்டு இருக்கலாம். மன்னிச்சிரு மன்னிச்சிருன்னு அவள நெருக்காதீங்க. அவரு திருந்திட்டாருன்னு போதகருக்கு ஒரு நாள்ல தெரியலாம், அவளுக்கு வருஷமாகும். அவ கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கேன்னு சொன்னா அதுக்கும் சேர்ச் தொணையா நிக்கணும்.

கண்டி கத்தோலிக்கன்:

லிந்துல அக்கா எழுதுனத வாசிச்சு மனசு கனத்துப் போச்சு. சின்ன விஷயம் ஒண்ணு சேர்க்கிறேன், யாரும் சொல்லல. திருவிருந்து. குடிய விட்ட ஆளுக்கு ஒரு சொட்டு வைனும் சோதனையா இருக்கலாம், அந்த வாசம் போதும். எங்க சபையில அப்பத்த மட்டும் வாங்குனாலே நற்கருணை முழுசாத்தான், ஒண்ணும் கொறையாது, அங்கிலிக்கன்லயும் அப்புடி வாங்க எடம் இருக்கு. ஒங்க சபையில எல்லாருக்கும் திராட்சச் சாறுன்னா பிரச்சினையே இல்ல. ஆனா வைன் பாவிக்கிறீங்கன்னா முன்கூட்டியே போதகர் அவருகிட்ட தனியா பேசி வைக்கணும், அத்தன பேருக்கு முன்னால கிண்ணத்த தள்ளி விடுற நெலமைக்கு அவர விடக் கூடாது. அதே மாதிரி சேர்ச் கலியாண வீட்டுப் பின்பக்கத்துல போத்தல் ஓடுறத பெரியவங்க கண்டும் காணாம இருக்கிற பழக்கம் நம்ம எல்லா சபையிலயும் இருக்கு. அத நிப்பாட்டாம இந்தக் குழுவ தொடங்குனா ஆளுக நம்ப மாட்டாங்க.

பொகவந்தலாவ தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி அம்மாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டுனேன், லிந்துல அக்கா எழுதுனத ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாங்க. பெரியம்மா வீட்டுக்கு நாளைக்கு அம்மாவும் வாலிபர் குழுவுல ஒரு தங்கச்சியும் போறாங்க, அண்ணிக்கும் புள்ளைகளுக்கும் என்ன தேவன்னு கேக்க. நர்ஸ் அக்கா எழுதுனத பிரிண்ட் எடுத்து அந்த பெரியவருகிட்ட குடுக்கப் போறேன், சண்டைக்கு இல்ல, அவரு தம்பியே வலிப்பு வந்துதான் எறந்தாருன்னு அம்மா சொன்னாங்க, அது எனக்கு இதுவரைக்கும் தெரியாது.

இன்னும் ஒரு கேள்வி. எங்க டிவிஷன்ல ஒருத்தர் தண்டப்பணம் கட்ட முடியாம உள்ள இருக்காரு. சேர்ச்ல காசு சேர்த்து கட்டிரலாமான்னு பேசுறாங்க. அப்புடிக் கட்டுனா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்களேன்னும் சொல்றாங்க.

ஊவா டீச்சர்:

தம்பி, கட்டலாம், நாங்களும் கட்டியிருக்கோம். ஆனா முதல்ல தண்டப் பத்திரத்த பாருங்க, மொத்தத் தொகை எவ்வளவு, இதுவரைக்கும் உள்ள இருந்த நாளுக்கு எவ்வளவு கழியும்னு நலன்புரி உத்தியோகத்தருகிட்ட கேளுங்க, சில நேரம் மிச்சம் கொஞ்சந்தான் இருக்கும். வெசாக், கிறிஸ்மஸ் நாள்ல ஜனாதிபதி மன்னிப்புல விடுறப்போ தண்டம் கட்ட முடியாதவங்கதான் நிறைய வருவாங்க, 2023 கிறிஸ்மஸுக்கு ஆயிரத்துக்கு மேல ஆளுகள விட்டாங்க, அதையும் விசாரிங்க. காச குடும்பத்து கையில குடுக்காம ஒங்க ஆள் ஒருத்தர் அவங்களோட போயி நேரா கட்டி ரசீது வாங்குங்க.

இனி புடிபடுறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. 1999ம் ஆண்டு 46ம் இலக்க சட்டத்துல சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைன்னு ஒண்ணு இருக்கு, சின்னக் குற்றத்துக்கு நீதவான் மறியலுக்கு அனுப்பாம பொது வேல செய்யச் சொல்லி கட்டளை போடலாம், போதைக்கு ஆலோசனை வழங்கவும் அதுல ஏற்பாடு செய்வாங்க. நம்ம ஆளுக சிங்களம் சரியா வெளங்காம எல்லாத்துக்கும் தலைய ஆட்டி குற்றத்த ஒத்துக்கிட்டு தண்டத்த வாங்கிட்டு வந்துர்றாங்க. வக்கீலுக்கு வசதியில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, இலவசம். தவணை நாள்ல சிங்களம் நல்லா தெரிஞ்ச ஒங்க வாலிபர் ஒருத்தர் கோட்ஸுக்கு கூடப் போயி, வக்கீல்கிட்ட இந்தக் கட்டளையக் கேக்கச் சொல்லட்டும். அடுத்த தவணை எப்பன்னு சொல்லுங்க, ஹட்டன் கோட்ஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு சட்டத்தரணிகிட்ட பேசிப் பாக்குறேன்.